பாவாடை நாடா பாசனம்

வாடா பேராண்டி, உக்காரு. அது இன்னா பொட்டி? ஆறாயிரம் ரூபாயா? தொறந்து காட்டு. நாலு வெள்ளைக் குழாய், கைக்குள்ள அடங்கற ஒரு மோட்டாரு, ரெண்டு பாட்டில் மருந்து, ஒருவாட்டி பிரிச்சா மறுபடி மடிக்க முடியாத ஒரு இங்கிலீஷ் காகிதம். நல்லா கீது. இந்தக் காசுக்கு உங்க நைனா ஒரு ஆட்டுக்குட்டி புடிச்சாந்திருப்பான். அது பசிச்சா கத்தியாவது தொலைக்கும். இந்தக் குழாய் கத்தாது. அதான் எனக்கு பயம்.

மண்ணே இல்லாம கீரை வளக்கப் போறேன்னு சொன்னதுக்கு வீட்ல எல்லாரும் சிரிச்சாங்களாமே. நான் சிரிக்க மாட்டேன். 1880ல தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்ததுலேர்ந்து 2001 வரைக்கும் வெறும் கல்லை ஒடைச்சே கஞ்சி குடிச்ச ஊரு நம்ம கோலார் தங்கவயல், கே.ஜி.எஃப். மண்ணு இல்லாம பொழைக்கறது நமக்குப் புதுசா?

என் கேள்வி வேற. விடியறதுக்கு முன்ன மாரிகுப்பத்துல ரயில் ஏறி பெங்களூரு போறவன் நீ. திரும்பி வர ராத்திரி ஆவுது. நடுவுல கரண்டு போனா உன் மோட்டாரை யாரு பாத்துக்குவா? நானா? அந்தக் குழாய்க்குள்ள தண்ணி மெலிசா ஓடிகினே இருக்கணும், வேரு அதை நம்பித்தான் தொங்கிகினு கெடக்குது. ஏப்ரல் மாசத்து மத்தியானம் ரெண்டு மூணு மணி நேரம் மோட்டாரு நின்னு போச்சுன்னு வை, நீ வந்து பாக்கும்போது கீரை எல்லாம் வாடிச் சரிஞ்சு கெடக்கும். அப்ப ஆறாயிரம் ரூபாக் காகிதத்தைப் படிச்சிக் காட்டினாலும் அது எழுந்திருக்காது.

கரண்டுப் பெருமை நமக்கு இல்லாததா? 1902லயே மைசூர் சமஸ்தானம் சிவனசமுத்திரத்துலேர்ந்து கம்பி இழுத்து நம்ம சொரங்கத்துக்குக் கரண்டு குடுத்தது. பெங்களூருக்காரன் அப்போ எண்ணெய் வெளக்குலதான் உக்காந்திருந்தான். அவனுக்கு 1905லதான் கெடைச்சது. இப்ப நீ அவன் ஆபீசுக்குப் போய் அவன் ஏசியில உக்காந்து வர்றே. பெருமையைத் தொட்டுகினு களி சாப்பிட முடியாது, விடு.

நான் அண்டர்கிரவுண்டுல பம்ப் ஷிப்டு பாத்தவன்டா. பூமிக்குள்ள ஊறற தண்ணியை ராவும் பகலும் மேல தள்ளிகினே இருக்கணும். தீபாவளி, கிறிஸ்மஸ் எதுவும் பம்புக்குக் கெடையாது. 2001 பிப்ரவரி 28ல சொரங்கத்தை மூடினாங்க. அப்பால பம்பும் நின்னுது. மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம் போன சாம்பியன் ரீஃப் சொரங்கத்துல தண்ணி ஏறிடுச்சு. உள்ள தங்கம் இன்னும் கீதுன்னு சொல்றவன் எல்லாம் முதல்ல அந்தத் தண்ணியைக் குடிச்சுத் தீக்கணும். மோட்டாரு நின்னா இன்னா ஆவும்னு இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வாணாம். அதனால சொல்றேன், அந்த மோட்டாரைப் பக்கத்து வீட்டுப் பையன் மீன் தொட்டிக்குக் குடுத்துடு. புண்ணியமாவது சேரும்.

உனக்கு ஒரு திரி போதும். ராத்திரி பூரா அகல் எரியுதே, எண்ணெயை மேல தூக்கறது யாரு? நூலுக்குள்ள இருக்கற சந்து. சந்து எவ்ளோ சிறுசோ அவ்ளோ உயரத்துக்குத் தண்ணி தானா ஏறும். மேல செடி குடிச்சிக் காய வெக்க, கீழேர்ந்து வந்துகினே இருக்கும். நீ ரயில்ல நின்னுகினே தூங்கற நேரத்துலயும் வரும்.

மொதல்ல மண்ணு விஷயத்தை முடிச்சிடறேன். லைன் வீட்டுப் பின்பக்கம் அடி நாலு இருக்குதே, அங்கயே விதையைத் தூவிட்டுப் போலாமேன்னு உங்கம்மா சொல்லுவா. நிமிந்து எதிர்ல பாக்கச் சொல்லு. அந்தச் சாம்பல் மலை இன்னா, பழனி மலையா? சைனைடு மேடு. கல்லை மாவா அரைச்சு, சைனைடு தண்ணியில தங்கத்தைக் கரைச்சு எடுத்துகினு, மிச்சத்தை நமக்குச் சொத்தா எழுதி வெச்சிட்டுப் போன மேடு. 2018ல நம்ம ஊரு பேருலயே வந்த சினிமாவுக்கு அங்க வந்துதான் செட்டு போட்டாங்க. கதாநாயகன் புழுதியில நடந்து வந்தா ஊரே விசிலடிக்குது. அதே புழுதி காத்தடிக்கிற மாசத்துல நம்ம சோத்துப் பானையில விழுந்தா விசிலடிக்க ஆளில்ல. அந்தத் தூசி வருசக் கணக்கா படிஞ்ச மண்ணுல வயித்துக்குள்ள போற கீரையைப் போடறதுக்கு என் மனசு ஒப்பல. நீ மண்ணை வாணாம்னு சொன்னது உன் வாழ்நாள்லயே நீ எடுத்த புத்திசாலித்தனமான முடிவு. கல்யாண விஷயத்துலயும் இப்படியே ஒரு முடிவு எடுத்தா நல்லா இருக்கும்.

ஆனா ஒண்ணு. மண்ணை மாத்திட்டே, காத்தை மாத்துவியா? இலை மேலயும் அந்தத் தூசி விழத்தான் செய்யும். பறிச்சதும் ரெண்டு மூணு தண்ணியில அலசணும். மண்ணு இல்லாம வளந்த கீரை சுத்தம்னு அப்படியே வாயில போடாதே.

அப்புறம், இது இன்னாவோ நேத்து அமெரிக்காவுல கண்டுபுடிச்சதாட்டம் பேசறியே. அமெரிக்காதான், ஆனா நேத்து இல்ல. கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல கெரிக்கேன்னு ஒரு வாத்தியாரு 1929 வாக்குல தண்ணியில தக்காளியை ஏணி போட்டுப் பறிக்கற உயரத்துக்கு வளத்துக் காட்டினாரு. 'ஹைட்ரோபோனிக்ஸ்'ங்கற பேரை 1937ல அச்சுல கொண்டாந்ததும் அவருதான். பேப்பர்காரன் விடுவானா? இனிமே நிலமே வாணாம், விவசாயியே வாணாம்னு எழுதித் தள்ளினான். அதே பல்கலைக்கழகத்துல ஹோக்லாண்ட், ஆர்னான்னு ரெண்டு பேரு ஒழுங்கா அளந்து பாத்துட்டு 1938ல சொன்னாங்க, நல்ல மண்ணுல வர்ற மகசூலுக்கு இது ஒண்ணும் உசத்தி இல்லேன்னு. நல்ல மண்ணு இல்லாதவனுக்குத்தான் இது. அதாவது உனக்கும் எனக்கும்.

நம்ம நாட்டுக்கும் இது பழசு. 1946லயே வங்காளத்துல காலிம்போங் பக்கம் ஷோல்டோ டக்ளஸ்னு ஒருத்தரு இந்த வேலையில எறங்கினாரு. மோட்டாரு, குழாய்னு பகட்டு இல்லாம, கல்லுச் சல்லியும் தூளும் கலந்து தொட்டியில கொட்டி, உரத்தைக் கையால தூவி, மேல தண்ணி ஊத்தி, ஏழை வீட்டுலயும் முடியுமான்னு பாத்தாரு. முடியும்னு 1951ல 'வங்காள முறை'ன்னு புத்தகமே போட்டாரு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. அப்பாதுரையாரு 'தமிழன்' பத்திரிகை நடத்தின ஊருடா இது. நாங்க சொரங்கத்துக்குள்ளதான் எறங்கினோம், படிக்காம கெடக்கல.

சரி, வேலைக்கு வா. போன வாரம் நீ குடிச்சிட்டு வீசின ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலு எங்க? ஆயா எடுத்துப் பத்திரமா வெச்சிருப்பா, போய்க் கேளு. கழுத்துக்குக் கீழ, மேலேர்ந்து மூணுல ஒரு பங்குல வெட்டு. மேல் துண்டைத் தலைகீழா கவுத்து, கீழ் துண்டுக்குள்ள சொருகு. மேல கெடக்கற புனல்ல செடி, கீழ இருக்கற சொம்புல தண்ணி. மூடியைக் கழட்டாதே. ஆணியைக் காய்ச்சி மூடி நடுவுல ஒரு ஓட்டை போடு. அந்த ஓட்டையில திரி வரும். ஆணியைக் காய்ச்சும்போது போன் பேசாதே.

திரிக்குத்தான் நீ கடையில போய் 'விக்கிங் கார்டு' கேப்பே. கடைக்காரனும் சந்தோசமா குடுப்பான். பாவாடை நாடா வாங்குடா. பருத்தி நாடா, தட்டையா நெசவு போட்டது. புதுசுல கஞ்சி ஏத்தி வெச்சிருப்பான், தண்ணி ஒட்டாது. கொதிக்கிற தண்ணியில போட்டு அலசிக் காய வை. அப்பால ஒரு டம்ளர்ல பேனா மசி ரெண்டு சொட்டு விட்டு, நாடாவோட ஒரு முனையை மட்டும் நனைச்சுத் தொங்க விடு. அரை மணி நேரத்துல நாலு விரக்கடை கலர் ஏறினா தேறிச்சு. ஏறலைன்னா தூக்கிப் போட்டுட்டு வேற பாரு. பருத்திக்கு ஒரு கெட்ட கொணம், எந்நேரமும் ஈரத்துலயே கெடந்தா ரெண்டு மூணு மாசத்துல நசிஞ்சி அறுந்து போவும். பள்ளிக்கூட ஷூ லேசு, பாலியஸ்டர் நாடா எல்லாம் அதைவிட நாள் தாங்கும். அதுலயும் தண்ணி ஏறுதான்னு மசி வெச்சிப் பாத்துட்டு வாங்கு. சிலது பளபளன்னு இருக்கும், ஒரு சொட்டு ஏறாது. உங்க பெரிய மாமனுக்குக் காசு மாதிரி, கைக்கு வந்தாலும் ஒட்டாது.

ஒரு பாட்டிலுக்கு நாடா ரெண்டு பிரி விடு. ஒண்ணு கை குடுக்கலைன்னாலும் இன்னொண்ணு குடுக்கும். கீழ் முனை பாட்டில் அடியைத் தொடணும். தண்ணி கொறையக் கொறைய நாடா அந்தரத்துல தொங்கினா செடி உன்னைத் திட்டும். மேல் முனையை மூடிக்கு மேல ஒரு முடிச்சு போட்டு, நடு உயரம் வரைக்கும் வளைச்சு வளைச்சு விடு, வேரு வந்து புடிச்சிக்கும். நாடாவை நனைச்சிட்டுத்தான் வெக்கணும். காஞ்ச நாடா காஞ்ச தூளைத் தொட்டா ஒண்ணோட ஒண்ணு பேசாது.

தூளுன்னா தென்னை நார்த்தூளு. கட்டியா விக்கிறான் பாரு, 650 கிராம் கட்டி ஊறினா எட்டு லிட்டர் அளவுக்கு உப்பும். வாங்கினதும் அப்படியே கொட்டிடாதே. நாருல உப்பு இருக்கும், ரெண்டு மூணு தண்ணியில ஊற வெச்சிப் பிழி. ஹெசரகட்டாவுல தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்குதே, அவங்க நொதிக்க வெச்ச நார்த்தூளையே 'அர்கா'ன்னு பேரு போட்டுத் தந்திருக்காங்க. கெடைச்சா நல்லது, கெடைக்கலைன்னா கையால பிழி, உனக்கும் ஒரு உடற்பயிற்சி. நார்த்தூளு மட்டும் போட்டா சொத சொதன்னு கெடந்து வேருக்கு மூச்சு முட்டும். ரெண்டு பங்கு நார்த்தூளுக்கு ஒரு பங்கு பெர்லைட் கலந்துக்கோ. அந்த வெள்ளைப் பொரி மாதிரி இருக்குமே, அதான். அதுக்கும் காசு போடணுமான்னு கை நடுங்கினா உமிக்கரி போடு.

தண்ணி. இதுல விளையாடாதே. கோலார் ஜில்லாவுக்கு வருசம் பூரா ஓடற ஆறு கெடையாது. போர்வெல்லு ஆயிரம் அடிக்கு மேல போவுது. வர்ற தண்ணியும் உப்பும் சுண்ணாம்பும் ஃபுளோரைடுமா வருது. பெங்களூருக்காரன் கழுவி விட்ட தண்ணியைச் சுத்தம் பண்ணி நம்ம ஜில்லா ஏரிங்களுக்கு அனுப்பற காலம் இது. நீ பகல்ல அங்க கை கழுவறே, அது உனக்கு முன்ன ஊருக்கு வந்து சேந்துடுது. பாட்டிலுக்கு மழைத் தண்ணிதான் அருமை. மொத மழையைப் புடிக்காதே, கூரை மேல இருக்கற மேட்டுத் தூசியை அதுதான் கழுவிட்டு வரும். ரெண்டாவது மழையைப் புடி. போர்வெல் தண்ணிதான் கதின்னா, கலந்து முடிச்ச தண்ணியில பி.எச். தாளு ஒண்ணை நனைச்சிப் பாரு. ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவுல நிக்கணும். மேல போனா, இரும்புச் சத்து தண்ணியில இருந்தும் செடிக்குக் கெடைக்காது. எப்படித் தெரியும்? கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். உடனே ஐயோ பசின்னு இன்னும் உரத்தைக் கொட்டுவே நீ. அது பசி இல்லடா, சாப்பாடு எதிர்ல இருந்தும் கை எட்டாத கொடுமை.

உரத்துக்கு, ராபர்ட்சன்பேட்டைக் கடைக்குப் போய் 19:19:19 ஒரு பொட்டலம் வாங்கினா முடிஞ்சுதுன்னு யாராவது சொல்லுவான். அதுல இருக்கற தழைச்சத்துல பாதிக்கு மேல யூரியா. யூரியாவை மண்ணுல இருக்கற கிருமிங்கதான் ஒடைச்சி செடிக்கு ஊட்டும். நீதான் மண்ணையே வாணாம்னுட்டியே, உன் பாட்டில்ல எந்தக் கிருமி வேலைக்கு வரும்? ஹைட்ரோபோனிக்ஸுக்குன்னே 'ஏ', 'பி'ன்னு ரெண்டா வர்ற உரம்தான் சரி. உன் பொட்டியிலயே ரெண்டு பாட்டிலு இருக்குதே, அதான். ஆறாயிரத்துல அது ஒண்ணுதான் உருப்படி. ரெண்டையும் நேரா ஒண்ணா ஊத்திக் கலக்கிடாதே. ஒண்ணுல கால்சியம், இன்னொண்ணுல சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியா இருக்கும்போது சந்திச்சா சண்டை போட்டு சுண்ணாம்பா அடியில படிஞ்சிடும். மொதல்ல 'ஏ'வைத் தண்ணியில ஊத்திக் கலக்கு, அப்பால 'பி'. அட்டையில போட்டிருக்கற அளவுல பாதி போதும். நாடா ஏத்தறது சத்தோட சேந்த தண்ணி. வெயில்ல தண்ணி மட்டும் ஆவியாப் போவும், உப்பு மேலயே தங்கிடும். கொஞ்ச நாள்ல தூளு மேல வெள்ளையாப் பூக்கும் பாரு, அதான். ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி மேலேர்ந்து வெறும் தண்ணியை ஊத்திக் கழுவி விட்டுட்டு, கீழ இருக்கற பழைய தண்ணியைக் கொட்டிட்டுப் புதுசு மாத்து. கொட்டறதை ஆயாவோட கனகாம்பரத்துக்கு ஊத்து, அவ சந்தோசப்படுவா.

தண்ணியை மூடி முட்ட ஊத்தாதே. மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை காத்து இருக்கட்டும், வேரு கீழ எட்டிப் பாத்தா மூச்சு விடணும். கண்ணாடி மாதிரி தெரியற பாட்டில்ல வெயில் பட்டா ரெண்டு வாரத்துல உள்ள பச்சைப் பாசி. செடிக்குப் போட்ட உரத்தைப் பாசி தின்னு கொழுக்கும். நீ அதையும் கீரைன்னு போட்டோ எடுத்துப் போடுவே. பாட்டிலைப் பழைய பேப்பர்ல சுத்து, மேல ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டு, சூடும் ஏறாது. பொருத்தற எடத்துல சந்து விடாதே. டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணிதான் புடிக்கும். சந்து இருந்தா துணியைச் சுத்தி அடை. கீரை வளக்கறேன்னு சொல்லிட்டு லைன் பூரா காய்ச்சல் வளத்தேன்னு பேரு வாங்காதே.

விதைக்கறதுக்கு முன்ன தூளை நல்லா நனை. கொத்தமல்லி விதையைச் செருப்பால தேச்சி ரெண்டா ஒடைச்சிப் போடு. முளைக்கப் பத்து நாளு கூட ஆவும், ரெண்டாம் நாளே நோண்டிப் பாக்காதே. வேரு எறங்கற வரைக்கும் மேலயும் கொஞ்சம் தண்ணி தெளிச்சிகினு இரு. வெந்தயம் சீக்கிரம் வரும், மூணு நாலு வாரத்துல கிள்ளலாம். பாலக்கு நல்லா வரும். புதினாவுக்கு விதையே வாணாம், மார்க்கெட்டுக் கட்டுல ரெண்டு தண்டை எடுத்துச் சொருகு. காலை வெயில் படற எடமா பாத்து வை, மத்தியானம் நெழல் இருந்தா தேவலை.

தக்காளின்னு வாயைத் தொறக்காதே. காய்க்கற தக்காளிச் செடி வெயில் நாள்ல ஒரு லிட்டருக்கு மேல குடிக்கும். நாடா பாவம், அதால அவ்ளோ வேகமா ஏத்த முடியாது. அதுவும் கோலாருல ஒக்காந்துகினு பாட்டில்ல தக்காளியா? வெலை விழுந்த நாள்ல லாரி லாரியா ரோட்டுல கொட்டிட்டுப் போற ஜில்லாடா இது. கத்திரிக்கா, மொளகாய்க்கும் இதே கதைதான். கீரையோட நிறுத்திக்கோ.

இன்னா சிரிப்பு? ஓ, ஐநூறு பாட்டிலு வெச்சி பெங்களூரு ஓட்டலுங்களுக்கு லெட்டூஸ் அனுப்பலாம்னு கணக்குப் போட்டுட்டியா? முகத்துல எழுதி ஒட்டியிருக்குது. ஜான் டெய்லரும் லண்டன்ல பங்கு வித்துத்தான் ஆரம்பிச்சான். நீ லைன்ல இருக்கற அத்தைங்ககிட்ட பங்கு விக்கக் கெளம்பிடாதே. பத்து பாட்டிலு வரைக்கும் நாடா உனக்கு வேலை செய்யும், ஐநூறுக்குப் போனா நீதான் நாடாவுக்கு வேலை செய்வே. ஒவ்வொண்ணையும் தூக்கிப் பாத்துத் தண்ணி ஊத்தணும், கழுவணும், மாத்தணும். அதுக்கு ஆளு வெச்சா கூலி, மோட்டாரு வெச்சா மறுபடியும் கரண்டு. லெட்டூஸை வேணா ஒரு பாட்டில்ல வெச்சிப் பாரு, நல்லாவே வரும். ஆனா களிக்கு அதை மசிக்க ஆயா ஒத்துக்க மாட்டா. ஆட்டுத் தழையைக் கொண்டாந்துட்டான்னு சொல்லுவா. பாலக்கைப் போடு, பூண்டு தட்டிப் போட்டு மசிச்சித் தருவா.

கெளம்பு, மார்க்கெட்டு சாத்தறதுக்குள்ள போய் நாடா மீட்டர் கணக்குல வாங்கிட்டு வா. இங்க கொடியில காயறதுலேர்ந்து உருவிடலாம்னு பாக்காதே. போன தடவை கொசு வலை கட்டறதுக்கு உன் நைனா அப்படித்தான் உருவினான். ரெண்டு வேளைக்கு எனக்கும் சேத்துத்தான் சோறு நின்னுது.